காரீயமும் குழந்தை நலமும்

தைப்பொங்கல், வருடப்பிறப்பு, தீபாவளி முதலிய திருநாள்கள் அணுகும்போது வீட்டைத் துப்புரவு செய்து, சுவருக்கு வெள்ளையடித்து, கதவு யன்னல்களுக்குப் புது வர்ணம் பூசுதல் தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். குழந்தை பிறக்கவிருக்கும் இல்லத்திலும் இவ்வாறே தொட்டிலுக்கும் கட்டிலுக்கும் வர்ணம் தீட்டுவதுண்டு. பிள்ளைமேற் கொண்ட அன்பினாலேயே பெற்றோர் இதனைச் செய்கின்றனர். ஆயினும், அவ்வன்பின் அடையாளமாகிய வர்ணமே பிள்ளையின் உடலுக்கும் அறிவுக்கும் கேடு விளைத்த வரலாறு ஒன்றுண்டு. அது நூறாண்டுகளுக்கு மேலாக நீண்டு, பல நாடுகளைத் தொட்டு, இன்றும் முற்றுப்பெறாத வரலாறாகும். அவ்வரலாற்றின் நடுவே நிற்கும் பொருள் காரீயம்.

தமிழர் வழக்கில் ஈயம் என்னுஞ் சொல் இருவேறு உலோகங்களைக் குறிக்கும். பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்திற் பூசப்படுவது வெள்ளீயம். மீன்வலையின் அடியிற் கட்டப்படும் பாரமும், மோட்டார் வண்டியின் மின்கலத்துள் இருக்கும் தகடும் காரீயம். வெள்ளீயம் தூயதாயின் சமையலுக்குத் தீங்கற்றது, காரீயமோ நஞ்சு. இரண்டையும் ஒரே பெயரால் வழங்குவதால் மயக்கம் நேர்வதுண்டு. விலை குறைவு கருதி வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலந்து பூசுவோரும் உளர். ஆதலால், ஈயம் பூசிய பாத்திரத்தை வாங்குவோர் எவ்வீயம் என்று கேட்டறிதல் நன்று. பென்சிலின் உள்ளே இருக்கும் கரிய பொருளையும் காரீயம் என்று சொல்வதுண்டு. அது உண்மையிற் காரீயமன்று. கரியின் ஒரு வகையேயாம்.

காரீயம் உடலுக்குத் தீது என்பது அண்மையில் அறியப்பட்ட உண்மையன்று. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமக் கட்டடக் கலைஞர் விற்றுறூவியஸ், காரீயக் குழாய் வழியாக வரும் நீரைவிட மட்குழாய் வழியாக வரும் நீரே நலந் தரும் என எழுதினார். காரீயத்தோடு தொழில் செய்வோரின் வெளிறிய மேனியை அவர் அதற்குச் சான்றாகக் காட்டினார். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் அப்பிள் மது அருந்தியோரை வருத்திய வயிற்றுவலிக்கு, அம்மதுவிற் கலந்த காரீயமே காரணம் என 1767ஆம் ஆண்டில் வைத்தியர் ஜோர்ஜ் பேக்கர் எடுத்துக்காட்டினார். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் 1786ஆம் ஆண்டில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அச்சுக்கோப்போரிடத்தும் வர்ணம் பூசுவோரிடத்தும் காணப்பட்ட காரீய நோயை விவரித்தார். பயனுள்ள ஓர் உண்மை அறியப்பட்ட பின்னரும் அதனை மக்கள் ஏற்று நடப்பதற்கு எத்துணைக் காலஞ் செல்கின்றது என்று வருந்தியே அவர் அக்கடிதத்தை முடித்தார். அவர் வருந்தியது பொருத்தமே என்பதைப் பின்னர் நிகழ்ந்தவை காட்டும்.

இவ்வறிஞர்கள் பேசியவை பெரும்பாலும் வளர்ந்தோரின் நோய்களே. குழந்தைகளின் நோய் வெளிப்படுவதற்கு வேறொரு சூழல் வேண்டியிருந்தது. அச்சூழலை உண்டாக்கியது வெள்ளைக் காரீயம் என்னும் தூளாகும். காரீயத் தகடுகளை வினாகிரியின் ஆவி படும்படி மட்பாண்டங்களில் அடுக்கி, குதிரைச் சாணத்தால் மூடிப் பல வாரங்கள் வைத்திருந்தால், தகட்டின் மேல் வெண்மையான படலம் தோன்றும். அதனைச் சுரண்டிப் பொடியாக்கி ஆளிவிதை எண்ணெயிற் குழைத்தால் உறுதியும் பளபளப்பும் வாய்ந்த வர்ணம் கிடைக்கும். மரத்தை மழையினின்றுங் காப்பதில் இதற்கு நிகரான வர்ணம் அக்காலத்தில் அரிது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரவீடுகள் மிகுந்த நாடுகளில் எல்லாம் இது பெருவழக்காயிற்று.

அவ்வாறு மரவீடுகள் மிகுந்த நிலங்களுள் ஒன்று அவுஸ்திரேலியாவின் வடகிழக்கே உள்ள குவீன்ஸ்லாந்து ஆகும். அங்குள்ள வீடுகள் வெப்பம் தணிவதற்காகத் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டப்பட்டவை. வீட்டைச் சூழ அகன்ற விறாந்தையும், விறாந்தையின் ஓரமாக வர்ணம் பூசிய மரக் கைப்பிடி வரிசையும் இருக்கும். சிறு குழந்தைகள் பகற்பொழுதின் பெரும்பகுதியை அவ்விறாந்தையிலேயே கழிப்பர். கைப்பிடியைப் பற்றி நிற்பதும், அதன் இடைவெளியால் தெருவைப் பார்ப்பதும் அவர்களுடைய விளையாட்டு.

1890ஆம் ஆண்டை அடுத்து, குவீன்ஸ்லாந்தின் தலைநகராகிய பிறிஸ்பேனில் உள்ள குழந்தைகள் வைத்தியசாலைக்கு விளங்காத நோயுடைய பிள்ளைகள் பலர் கொண்டுவரப்பட்டனர். சிலருக்கு வயிற்றுவலியும் வாந்தியும். சிலருக்குக் கைகால்கள் தளர்ந்து போயின. சிலருக்குக் கண்பார்வை கெட்டது. அங்குக் கடமையாற்றிய ஜெபரிஸ் ரேணர் என்னும் வைத்தியரும், கண்வைத்தியராகிய லொக்காட் கிப்சனும், அவர்தம் துணைவர் சிலரும் இந்நோய் காரீய நஞ்சினால் விளைவது என முடிவு செய்து, 1892ஆம் ஆண்டில் அதனை வைத்தியர் மாநாட்டில் வெளியிட்டனர். ஐயுற்றோர் பலர். காரீய நோய் என்பது வர்ணம் பூசுவோரையும் உலோகம் உருக்குவோரையும் பற்றும் தொழில்நோய் என்பதே அக்காலக் கருத்து. தொழில் யாதுமறியாத மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்நோய் எவ்வாறு வந்தது என்பதே கேள்வி.

அக்கேள்விக்கு விடை காணப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. மழைநீரைச் சேர்த்து வைக்கும் தொட்டிகளின்மேல் முதலிற் சந்தேகம் எழுந்தது. தொட்டிநீரைப் பருகிய வீட்டார் அனைவரும் நலமாயிருக்கக் குழந்தை மட்டும் நோயுறுவது ஏன் என்பதற்கு அவ்விளக்கம் போதவில்லை. 1897ஆம் ஆண்டில் ரேணர் எழுதிய கட்டுரையில், குழந்தை வசிக்கும் வீட்டிலேயே நஞ்சு உளது என்னும் கருத்தை வற்புறுத்தினார். வீட்டில் எங்கே என்பதைத் தேடியவர் கிப்சன். குவீன்ஸ்லாந்தின் கடும்வெயில் பட்ட வர்ணம் காலப்போக்கில் நீறுபோலப் பொடிந்துவிடுவதை அவர் கவனித்தார். உலர்ந்து பல்லாண்டு சென்ற கைப்பிடியைத் தொட்டாலும் அந்நீறு கையில் ஒட்டும். குழந்தையின் கையோ வியர்வையாலும் உணவாலும் எப்போதும் ஈரமுடையது. விரல் சூப்பும் பிள்ளைக்கும், நகங் கடிக்கும் பிள்ளைக்கும் அந்நீறு வாய்க்குள் செல்வது எளிது. விறாந்தைக் கைப்பிடிகளும் அறைச்சுவர்களுமே நஞ்சின் ஊற்று என்பதை 1904ஆம் ஆண்டில் கிப்சன் வெளியிட்டார். குழந்தையின் கைக்கும் நாவுக்கும் எட்டும் இடங்களில் காரீய வர்ணம் பூசலாகாது என்பதே அவர் விடுத்த வேண்டுகோள்.

பொடிந்த வர்ணத்தையே வாயாற் கடித்துத் தின்றாலன்றி நோய் வாராது என்று எண்ணியோர்க்கு, கண்ணுக்குப் புலனாகாத தூசியே போதும் என்று கிப்சன் கண்டது புதியதொரு பாடமாகும். வைத்தியசாலையில் மருந்து கொடுத்து அனுப்பிய பிள்ளை மீண்டும் அதே விறாந்தைக்குத் திரும்புமாயின், அம்மருந்தாற் பயன் யாது? நோயைத் தீர்ப்பதற்கு வைத்தியர் போதார். வீட்டை மாற்ற வேண்டும். வீட்டை மாற்றச் சட்டம் வேண்டும் என்பதை அவ்வைத்தியர்கள் உணர்ந்தனர். அச்சட்டம் வருவதற்கு மேலும் பதினெட்டு ஆண்டுகள் சென்றன. குழந்தைகளுக்கு எட்டும் வெளிப்புறப் பகுதிகளில் காரீய வர்ணத்தைப் பூசுவதைக் குவீன்ஸ்லாந்து அரசாங்கம் 1922ஆம் ஆண்டிற் கட்டுப்படுத்தியது. குழந்தைகளைக் கருதி இத்துறையில் இயற்றப்பட்ட மிகப் பழைய சட்டங்களுள் அஃதொன்று. ஆயினும், முன்னரே நஞ்சுண்ட பிள்ளைகளின் துன்பம் அத்துடன் ஒழியவில்லை. குவீன்ஸ்லாந்தில் இளம்வயதினர் பலர் சிறுநீரக நோயால் இறப்பதை ஆராய்ந்த வைத்தியர் ஜாவிஸ் நை, குழந்தைப் பருவத்தில் உட்சென்ற காரீயத்தோடு அதனைத் தொடர்புபடுத்தி 1933ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். மூன்று வயதில் விறாந்தையிற் பெற்ற நஞ்சு முப்பது வயதில் உயிரைக் கேட்டது.

குவீன்ஸ்லாந்துச் சட்டம் பிறப்பதற்கு ஓராண்டு முன்னதாக, 1921ஆம் ஆண்டில், சர்வதேசத் தொழில் தாபனம் கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளைக் காரீயம் பூசுவதைச் சில விலக்குகளுடன் தடை செய்யும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. வர்ணம் பூசும் தொழிலாளரைக் காப்பதே அதன் நோக்கம். பிரான்சு தேசம் 1909ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டஞ் செய்திருந்தது. அவ்வுடன்படிக்கையை அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஏற்கவில்லை.

அமெரிக்காவில் இவ்வுண்மை அறியப்படாமல் இருந்ததென்று கூறமுடியாது. பால்ற்றிமோர் நகரில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் தன் கட்டிலின் வெள்ளை வர்ணத்தைக் கடித்துத் தின்று நஞ்சேறி இறந்ததை 1914ஆம் ஆண்டில் தோமஸ், பிளாக்பன் என்னும் வைத்தியர் இருவர் எழுதி வெளியிட்டனர். எனினும், வெள்ளைக் காரீயம் செய்த நிறுவனங்கள் தம் வாணிகத்தை நிறுத்தவில்லை. அவற்றுள் ஒன்றின் வியாபாரச் சின்னமே தூரிகை ஏந்திய சிறுவன் ஒருவனின் உருவமாகும். அச்சிறுவனின் படத்துடன் குழந்தைகளுக்கான வர்ணப் புத்தகங்களும் அச்சிட்டு வழங்கப்பட்டன. நோயுற்ற பிள்ளைகளின் செய்தி பெருகியபோது, குற்றம் வர்ணத்தினுடையதன்று, பிள்ளையைக் கவனியாத ஏழைப் பெற்றோருடையதே என்று காரீய வாணிகத்தைச் சார்ந்தோர் வாதித்தனர். பால்ற்றிமோர் மாநகரம் வீடுகளின் உட்புறத்திற் காரீய வர்ணம் பூசுவதை 1951ஆம் ஆண்டிலே தடுத்தது. நாடு முழுவதற்குமான தடை 1978ஆம் ஆண்டிலேயே வந்தது. கிப்சனின் வேண்டுகோளுக்கும் அத்தடைக்கும் இடையே எழுபத்துநான்கு ஆண்டுகள் கழிந்தன.

இவ்வரலாற்றிற் பெற்றோரும் ஆசிரியரும் தனியே நின்று சிந்திக்கவேண்டிய பகுதி ஒன்றுண்டு. நஞ்சுண்ட பிள்ளை இறவாது பிழைத்துவிட்டால் அது முற்றாகக் குணமடைந்துவிட்டது என்பதே வைத்தியரின் நம்பிக்கையாக இருந்தது. பொஸ்தன் நகரில் பயேஸ் என்னும் வைத்தியரும் எலிசபெத் லோட் என்னும் உளவியலாளரும், காரீய நோய் தீர்ந்து வைத்தியசாலையை விட்டுச் சென்ற இருபது பிள்ளைகளைப் பாடசாலை வரை பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். 1943ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு எவரையும் திடுக்கிடச் செய்வது. இருபதின்மருள் பத்தொன்பது பேர் பாடசாலையில் முன்னேறவில்லை. பாடத்தில் மனம் நிலைக்காமை, எழுத்தைப் பற்றுவதில் இடர்ப்பாடு, சினம் அடக்கமாட்டாமை ஆகியவை அவர்களிடம் காணப்பட்டன. நோய் நீங்கியது என்று கருதப்பட்ட பிள்ளைகளின் மூளையில் நோயின் வடு நின்றது.

கடும் நோயேதும் காட்டாத பிள்ளைகளின் நிலை யாது? இதனை ஆராய்ந்தவர் ஹேர்பட் நீடில்மன். இரத்தத்திற் காரீயம் நெடுநாள் நில்லாது. எலும்பிலும் பல்லிலும் தங்கிவிடும். ஆகவே அவர் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் இரு நகரங்களில் முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பாற்பற்களைச் சேர்த்தார். பிள்ளையின் காரீய அளவை அறியாத ஆசிரியர்களிடம், வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் எவ்வாறு நடந்துகொள்கிறது என்று கேட்டறிந்தார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய விடைகள் கிடைத்தன. 1979ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, பல்லிற் காரீயம் ஏற ஏறக் கவனச் சிதைவும், சொன்னதைச் செய்ய இயலாமையும் படிப்படியாக ஏறின. காரீயம் மிகுந்த 58 பிள்ளைகளையும் குறைந்த 100 பிள்ளைகளையும் ஒப்பிட்டபோது, முன்னையோர் அறிவுத்திறச் சோதனையிற் பின்தங்கியிருந்தனர். பிற்காலத்தில் நீடில்மனின் நேர்மையை ஐயுற்று விசாரணைகள் நடைபெற்றன. அவர் மோசடி செய்யவில்லை என்பதே அவற்றின் முடிவு. ஆசிரியர் மந்தன் என்றும் அடங்காதவன் என்றும் கண்டித்த பிள்ளைகளுட் சிலர், தாம் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருந்தனர் என்பது இவ்வாராய்ச்சிகளால் விளங்குகின்றது.

காரீயம் குழந்தையைச் சிறப்பாகப் பற்றுவதற்குக் காரணங்கள் உள. உட்கொண்ட காரீயத்தில் வளர்ந்தோர் உடல் ஏற்கும் பங்கைப் போல நான்கு ஐந்து மடங்கைக் குழந்தையின் உடல் ஏற்கக்கூடும். சுண்ணச்சத்தும் இரும்புச்சத்தும் குறைந்த பிள்ளையின் உடலில் அது மேலும் எளிதாகச் சேரும். சுண்ணச்சத்தைப் போன்று நடித்து எலும்பினுட் புகுந்து தங்கும் அந்நஞ்சு, கருவுற்ற தாயின் எலும்பினின்றும் வெளிப்பட்டு வயிற்றுப் பிள்ளையையும் சென்றடையும். ஆதலின் ஏழைப்பிள்ளைக்கே இதனால் இழப்பு மிகுதி.

வர்ணத்தோடு பெற்றோலும் இக்கேட்டிற் பங்கு கொண்டது. இயந்திரம் இரைச்சலின்றி ஓடுவதற்காகப் பெற்றோலிற் காரீயச் சேர்வையைக் கலக்கும் முறை 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் கண்டுபிடிக்கப்பட்டு, 1923ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்தது. மோட்டார் வண்டிகள் ஓடிய வீதியெங்கும் காரீயப் புகை பரவி மண்ணிற் படிந்தது. இலங்கை 2002ஆம் ஆண்டிற் காரீயம் கலந்த பெற்றோலைக் கைவிட்டது. மோட்டார் வண்டிகளுக்கு அதனை விற்ற கடைசி நாடாகிய அல்ஜீரியா 2021ஆம் ஆண்டில் நிறுத்தியது. தீங்கற்ற அளவு என்று வைத்தியர்கள் கொண்ட எல்லையும் இக்காலத்திற் கீழிறங்கிக்கொண்டே வந்தது. 1960ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒரு டெசிலீற்றர் இரத்தத்திற்கு 60 மைக்கிரோகிராம் வரை காரீயம் இருக்கலாம் எனப்பட்டது. 2021ஆம் ஆண்டில் 3.5 மைக்கிரோகிராம் இருப்பினும் அப்பிள்ளையைக் கவனிக்கவேண்டும் என்றாயிற்று. தீங்கற்ற அளவென்று ஒன்று அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார தாபனத்தின் கருத்தாகும்.

இலங்கையில் விற்பனையாகும் வர்ணங்களிற் காரீயத்தின் அளவை வரையறுக்கும் கட்டளையை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2011ஆம் ஆண்டிற் பிறப்பித்தது. அது 2013ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் நடைமுறைக்கு வந்தது. விளையாட்டுப் பொருள்களுக்குப் பூசும் வர்ணமும் அக்கட்டளைக்கு உட்பட்டது. ஆயினும், சட்டம் புதிய தகரப்பேணியிலுள்ள வர்ணத்தையே ஆளும். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் பழைய கதவிற் பூசிய வர்ணத்தை அது அகற்றாது.

சட்டமும் மக்களின் விழிப்பும் ஒன்றுசேருமாயின் பயன் விரைவில் விளையும் என்பதற்கு வங்காளதேசம் அண்மைக்காலச் சான்றாகும். அந்நாட்டில் மஞ்சளுக்கு நல்ல நிறம் ஊட்டுவதற்காகக் காரீயங் கலந்த மஞ்சள் வர்ணத்தூளைச் சேர்க்கும் வழக்கம் வணிகர் சிலரிடையே இருந்தது. ஆராய்ச்சியாளர் அதனைக் கண்டறிந்து 2019ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அரசாங்கம் சந்தைகளைச் சோதித்து, கலப்படஞ் செய்தோரைத் தண்டித்து, செய்தித்தாள் வாயிலாக மக்களை அறிவுறுத்தியது. 2019ஆம் ஆண்டிற் சோதித்த சந்தை மஞ்சளில் நூற்றுக்கு 47 பங்கிற் காணப்பட்ட காரீயம், 2021ஆம் ஆண்டிற் சோதித்தபோது ஒன்றிலேனும் காணப்படவில்லை. குவீன்ஸ்லாந்தில் முப்பதாண்டு சென்ற கருமம் இங்கு இரண்டாண்டில் நிறைவேறியது.

இவ்வரலாறு இல்லத்தாருக்கு உணர்த்துவன சில உள. பழைய வர்ணம் உரிந்து தூளாகும் கதவு, யன்னல், கட்டில் என்பவற்றை உலர்ந்த நிலையில் அரத்தாளால் தேய்த்தலும் தீயினாற் சுடுதலும் ஆகா. நனைத்துச் சுரண்டி, உதிர்ந்ததைச் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துதல் வேண்டும். அவ்வேலை நடக்கும்போது கருவுற்ற தாயும் சிறு பிள்ளைகளும் அங்கிருத்தல் கூடாது. தூசியை விளக்குமாற்றாற் கிளப்புவதிலும் ஈரத்துணியால் துடைத்தெடுப்பது மேல். உண்ணுமுன் பிள்ளையின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதலும், அது வாயில் வைக்கும் விளையாட்டுப் பொருள்களை அடிக்கடி கழுவுதலும் நன்று. மின்கலந் திருத்துவோரும், வலைக்குரிய பாரத்துக்கெனக் காரீயம் உருக்குவோரும் அத்தொழிலை வீட்டு முற்றத்திற் செய்யலாகாது. தொழில் உடையை மாற்றிக் கைகால் கழுவிய பின்னரே பிள்ளையைத் தூக்குதல் வேண்டும். நீரைக் கொதிக்க வைப்பதனாற் காரீயம் நீங்காது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. கீரை, பருப்பு, குரக்கன், பால், நெத்தலி முதலிய உணவுகள் இரும்பையும் சுண்ணச்சத்தையும் அளித்து, நஞ்சு உடலில் ஊறுவதைக் குறைக்கும். பிள்ளைக்கு நஞ்சேறியிருக்கும் என ஐயம் தோன்றின் வைத்தியரை நாடி இரத்தத்தைச் சோதிப்பதே அறிவுடைமை.

இவை யாவும் பெருஞ்செலவு வேண்டாத செயல்கள். பிறிஸ்பேன் வைத்தியர்கள் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் பெற்றோரிடம் வேண்டியவையும் பெரும்பாலும் இவையே. அன்று அவர்கள் சொல்லைக் கேளாத நாடுகளில் இரண்டு மூன்று தலைமுறைப் பிள்ளைகள் அதன் விலையைச் செலுத்தினர். அடுத்த திருநாளுக்கு வீட்டை அழகு செய்ய முனைவோர், புதிய வர்ணத்தை வாங்குமுன் பழைய வர்ணம் எங்கெங்கே உதிர்கின்றது என்பதைக் குழந்தையின் உயரத்தில் அமர்ந்து ஒருமுறை பார்த்துக்கொள்வார்களாக.